லண்டனில் மணி எட்டு, நம் கம்ப்யூட்டரில் எத்தனை?

லண்டனில் காலை மணி எட்டு. பி.பி.சி. ரேடியோ 4-ல் 'டுடே' நிகழ்ச்சி ஓடிக் கொண்டிருக்கிறது. 'பிப்' என்று ஆறு முறை ஓசை கேட்கிறது. உடனே செய்திகள். இதே ஓசையை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வழியாகக் கேட்டுப் பாருங்கள். ஆறாவது பிப் ஒலிக்கும்போது லண்டனில் எட்டு மணி தாண்டிப் பல நொடிகள் ஆகியிருக்கும். திரையில் 'லைவ்' என்றுதானே எழுதியிருக்கிறது? பிறகு ஏன் இந்தத் தாமதம்? அந்த நொடிகள் எங்கே போகின்றன என்று பார்ப்போம்.

டுடே என்பது என்ன?

பி.பி.சி. என்றால் நம்மில் பலருக்கு 2017 ஏப்ரல் வரை சிற்றலையில் ஒலித்த தமிழோசை நினைவுக்கு வரும். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு காலை உணவு வேளையின் குரல் டுடே. 1957 அக்டோபர் 28-ல் இது தொடங்கியது. அப்போது 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகள்தான். இப்போது வார நாட்களில் காலை 6 முதல் 9 வரை மூன்று மணி நேரம். ஜான் ஹம்ப்ரிஸ் 1987 முதல் 2019 வரை இதன் தொகுப்பாளர்களில் ஒருவராக இருந்தார்.

நிகழ்ச்சி முழுவதும் கடிகாரத்தை ஒட்டியே நடக்கும். முழு மணிக்கு செய்தி, 7.45 வாக்கில் சில நிமிடச் சிந்தனை உரை, 8.10-க்கு அன்றைய முக்கிய அரசியல் நேர்காணல். வேலைக்குக் கிளம்புகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை. ரேடியோவில் எது ஓடுகிறதோ அதை வைத்தே மணியைச் சொல்லிவிடலாம்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பிரிட்டனின் அணு ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பல்கள் ஆழ்கடலில் இருக்கும்போது, நாடு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறியப் பார்க்கும் அடையாளங்களில் டுடே நிகழ்ச்சி ஒலிக்கிறதா என்பதும் ஒன்று என்று வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னஸி எழுதியிருக்கிறார். ஒரு காலை நிகழ்ச்சிக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு வேறென்ன இருக்க முடியும்!

ஆறு பிப்களின் கணக்கு

இந்த ஓசைகள் 1924 பிப்ரவரி 5 முதல் ஒலிக்கின்றன. முதல் ஐந்தும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நீளம். ஆறாவது மட்டும் அரை நொடி. அந்த நீண்ட ஓசை தொடங்கும் கணம்தான் சரியான மணி. முன்பு கிரீன்விச் வானாய்வகம் இவற்றை அனுப்பியது. 1990 முதல் பி.பி.சி.யே ஜி.பி.எஸ். உதவியுடன் உருவாக்குகிறது.

ரேடியோ அலை நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எனவே சாதாரண எப்.எம். ரேடியோவில் கேட்பவருக்குத் தாமதம் தெரியவே தெரியாது. ஆனால் இன்டர்நெட்டில் கதையே வேறு.

நொடிகள் எங்கே போகின்றன?

முதலில், ஸ்டூடியோவில் இருந்து வரும் ஒலியை கம்ப்யூட்டர் சுருக்க வேண்டும். இதற்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

இரண்டாவது, சுருக்கிய ஒலி சிறு சிறு துண்டு பைல்களாக வெட்டப்படும். ஒரு துண்டு 6 நொடி என்று வைத்துக் கொள்வோம். அந்த 6 நொடிகளும் பேசி முடித்த பிறகுதான் துண்டு முழுமையாகும். அதன் பின்னரே அது சர்வருக்குப் போகும். அதாவது, துண்டின் முதல் சொல் அனுப்பப்படுவதற்கு முன்பே 6 நொடி பழையதாகிவிடுகிறது.

மூன்றாவது, உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பிளேயர் வந்தவுடன் பாடத் தொடங்குவதில்லை. மூன்று துண்டுகளையாவது சேர்த்து வைத்துக் கொண்டுதான் தொடங்கும். இதுவே பஃபர். மூன்று துண்டு என்றால் 18 நொடி. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போலத்தான் இது. குழாயில் வரத்து சற்று நின்றாலும் தொட்டியில் இருப்பது ஓடும். ஆனால் தொட்டி நிரம்ப நேரம் பிடிக்குமே!

பஃபரைக் குறைக்கலாமா? குறைக்கலாம். ஆனால் லைன் சற்று தடுமாறினாலும் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். 1995-ல் ரியல் ஆடியோ வந்த காலத்தில் டயல்அப் மோடத்தில் கேட்டவர்களுக்கு 'பஃபரிங்' என்ற சொல் இன்னும் மறந்திருக்காது. வேகமும் தடையின்மையும் ஒருசேரக் கிடைப்பது கடினம்.

நீங்களே அளந்து பாருங்கள்

1. விண்டோஸ் 10 அல்லது 11-ல் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் டேட் அண்ட் டைம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள சிங்க் நவ் பட்டனை கிளிக் செய்யுங்கள். உங்கள் கடிகாரம் இன்டர்நெட் நேரத்துடன் சரியாகிவிடும்.

2. நொடி காட்டும் கடிகாரம் ஒன்றைத் திரையில் வைத்துக் கொள்ளுங்கள்.

3. ரேடியோ 4 நேரலையைத் திறந்து வையுங்கள். பி.பி.சி. சவுண்ட்ஸ் ஆப் பிரிட்டனுக்கு வெளியே 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக பி.பி.சி.யின் உலக இணையதளத்தில் ரேடியோ 4 கிடைக்கும்படி செய்தார்கள்.

4. லண்டனில் காலை எட்டு என்பது குளிர்கால நேரத்தில் நமக்குப் பகல் 1.30. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 12.30. ஆறாவது பிப் தொடங்கும்போது உங்கள் கடிகாரம் 30 நிமிடம் தாண்டி எத்தனை நொடி காட்டுகிறதோ, அதுவே தாமதம்.

அடுத்து, அதே நேரலையை செல்போனிலும் திறந்து பாருங்கள். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக ஒலிக்காது. ஒரே வீட்டில், ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு 'லைவ்'! டேட்டா செலவும் தெரிந்து கொள்ளுங்கள். நொடிக்கு 96 கிலோபிட் வேகத்தில் கேட்டால் மூன்று மணி நேரத்திற்கு சுமார் 130 எம்.பி. ஆகும்.

இழப்பு மட்டும்தானா?

இல்லை. 2003 மே 29 வியாழக்கிழமை, காலை 6.07. இராக் ஆயுதங்கள் பற்றிய பிரிட்டன் அரசின் அறிக்கை குறித்து டுடேயில் நிருபர் ஆண்ட்ரூ கில்லிகன் பேசினார். அதில் இருந்த ஒரு தகவல் தவறு என்று அரசுக்கு அநேகமாக முன்பே தெரியும் என்ற பொருளில் சில சொற்கள் வந்தன. பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்த நேரம். அந்தச் சொற்கள் பெரும் புயலைக் கிளப்பின. தகவல் தந்த விஞ்ஞானி டேவிட் கெல்லி ஜூலையில் இறந்தார். நீதிபதி ஹட்டன் விசாரித்தார். 2004 ஜனவரியில் அவரது அறிக்கை பி.பி.சி.யைக் குறை கூறியது. தலைவரும் தலைமை இயக்குநரும் பதவி விலகினர். 6.07-க்கு என்ன சொன்னார், பிறகு எப்படி மாற்றிச் சொன்னார் என்பதே விசாரணையில் முக்கியக் கேள்வியாக இருந்தது.

காற்றில் போன சொல்லைத் திரும்பக் கேட்க முடிந்தால்தான் இப்படிக் கேள்வி கேட்க முடியும். அந்த வசதியைச் சாதாரண நேயருக்கும் கொண்டு வந்தது இன்டர்நெட். பேட்டி கண்டவர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா என்ற சந்தேகம் வந்தால், பின்னால் நகர்த்தி நாமே கேட்டுக் கொள்ளலாம். எப்.எம். பெட்டியில் இது நடக்காது.

எதற்கு எது?

திரும்பக் கேட்கவும், தொலைதூர நிலையத்தைக் கேட்கவும் இன்டர்நெட் ரேடியோ அருமை. கடிகாரம் திருத்த மட்டும் அதை நம்பாதீர்கள். ஆபத்துக் காலத்திலும் அதை மட்டுமே நம்ப வேண்டாம். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு நேயருக்கும் சர்வர் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒலிபரப்பில் ஒரு கோபுரம், கேட்பவர் எத்தனை லட்சம் ஆனாலும் அதே அலைதான். 2016 வர்தா புயலில் சென்னையில் மின்சாரமும் செல்போனும் இன்டர்நெட்டும் முடங்கியதை மறந்துவிட முடியுமா? கம்ப்யூட்டர் மேசையின் ஓரத்தில் பேட்டரி போட்ட சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றுக்கும் இடம் கொடுங்கள்.