நெறிக்கட்டியும் நிணநீர்ப் புற்றுநோயும்

நான் ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் அல்லன். உறவினர் ஒருவருக்காக அலைந்தபோது தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கௌதள்ளியில் உள்ள அவருக்குக் கழுத்தில் வலியில்லாத நெறிக்கட்டி. காய்ச்சலும் இரவு வியர்வையும் இருந்ததால், சதைப் பரிசோதனை இல்லாமலே டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதமாகியும் கட்டி கரையவில்லை. பிறகுதான் 'லிம்போமா' என்று தெரிந்தது.

லிம்போமா ஒரே நோயன்று. 1832-இல் லண்டன் டாக்டர் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்தது ஒரு வகை. அதில் ஆந்தைக் கண் போல் இரட்டைக் கருவுள்ள பெரிய செல்கள் மைக்ராஸ்கோப்பில் தெரியும். மற்றவை 'ஹாட்ஜ்கின் அல்லாதவை'. இவற்றில் 60-க்கும் மேற்பட்ட உட்பிரிவுகள். பி செல்லில் தோன்றுபவை அதிகம், டி செல்லில் குறைவு. ஃபாலிகுலர் வகை மெல்ல வளரும். சிலருக்குக் கண்காணிப்பே போதும். பர்கிட் வகையோ மிக வேகமாகப் பெருகும். உடனே சிகிச்சை வேண்டும்.

மீட்டர் கேஜ் எஞ்சின் அகலப்பாதையில் ஓடாது. மருந்தும் அப்படியே. 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப், சி.டி.20 என்ற அடையாளமுள்ள பி செல்களையே குறிவைக்கும்.

நெறி கட்டுவதெல்லாம் புற்றுநோயல்ல. ஆனால் சில வாரங்களில் கரையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். லிம்போமா என்ற சந்தேகம் வந்தால், ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதோடு நிற்காமல், இயன்றவரை முழுக் கட்டியையும் எடுத்துப் பயாப்ஸி செய்யச் சொல்லுங்கள். 'எந்த வகை?' என்று கேளுங்கள். ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்த சதைத் துண்டையும் வாங்கிக்கொண்டால் பெங்களூர் கித்வாய், சென்னை அடையாறு போன்ற இடங்களில் மறுபடி காட்டலாம்.

என் உறவினருக்கு வந்தது ஹாட்ஜ்கின் வகை. அதற்குரிய மருந்தில் குணமாகி, இன்று தம் வயலைத் தாமே பார்த்துக்கொள்கிறார்.