விளக்கடியில் குறையும் புழுக்கள்

தெருவிளக்கைச் சுற்றிச் சுற்றிச் செத்து விழும் அந்துப்பூச்சிகளை மட்டும் எண்ணி, நகர வெளிச்சத்தின் கேடு இவ்வளவுதான் என்று முடிவுகட்ட முடியாது. உருவாகாமலே போகும் புழுக்கள்தான் பெரிய கணக்கு. தென் இங்கிலாந்தின் சாலையோரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. விளக்கு எரிந்த புதர்வேலிகளில், பக்கத்திலேயே இருளாக இருந்தவற்றைவிட, அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 சதவீதம் குறைவு. புல் ஓரங்களில் 33 சதவீதம். மின்சாரம் மிச்சம் என்று நாம் கொண்டாடும் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ், பழைய மஞ்சள் சோடியம் விளக்கைவிடப் பாதிப்பு அதிகம்.

பூச்சிகள் பழகிக்கொள்ளாதா? கொஞ்சம் பழகத்தான் செய்கின்றன. சுவிட்சர்லாந்தின் பாசெல் வட்டாரத்தில், வெளிச்சம் மிகுந்த பகுதிகளிலிருந்து எடுத்து வளர்த்த ஒருவகை அந்துப்பூச்சிகள், இருட்டுப் பகுதிப் பூச்சிகளைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாகவே விளக்கை நாடின. ஆனால் அவற்றின் இறக்கைகள் சற்றுச் சிறியவை. பறப்பது குறைந்தால் துணை தேடுவதும் குறையலாம். பழக்கத்துக்கும் விலை உண்டு. பாதுகாப்புக்கு வெளிச்சம் வேண்டும் என்பது நியாயம்தான். அதற்காக வானத்துக்கும் வேலிக்கும் வெளிச்சம் பாய்ச்ச வேண்டியதில்லை. மேல்மறைப்பு, மஞ்சள் சாய்ந்த ஒளி ஆகியவற்றோடு, நடமாட்டம் அடங்கிய பின்னிரவில் விளக்கை மங்கலாக்கலாம். சோடியம் விளக்கைவிட எல்.இ.டி.யில் அது சுலபம்.