வீட்டில் எத்தனை பேர்? கனவு எவ்வளவு தூரம்?



போன மாதம் வகுப்பில் டீச்சர், "படிச்சு முடிச்சு என்ன ஆகப்போறீங்க?" என்று கேட்டார்கள். நான், "பன்னிரண்டாவது முடிச்சிட்டு கம்பெனிக்குப் போவேன்" என்றேன். பக்கத்தில் இருப்பவள், "வக்கீல்" என்றாள். ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மார்க். (கணக்கில் நான்தான் கூட!) அப்புறம் ஏன் இப்படி?

அவள் வீடு கூட்டுக் குடும்பம். தாத்தா, பாட்டி, சித்தப்பா, சித்தி எல்லாரும் ஒண்ணா இருக்காங்க. ஒருத்தர் சம்பளம் நின்னாலும் அடுப்பு எரியும். அதனால் அவளால் எட்டு வருஷம் தள்ளி யோசிக்க முடிகிறது. ஆனால் அங்கேயும் தொல்லை உண்டு. பாட்டி இப்பவே கல்யாணப் பேச்சை எடுக்கிறாங்களாம்.

எங்க வீட்டில் அம்மா, நான், தம்பி மூணு பேர்தான். அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். நைட் ஷிப்ட் வாரத்தில் தம்பிக்குச் சோறு போட்டு, கதவைப் பூட்டிப் படுப்பது என் வேலை. எதிர்காலம் என்று யாராவது சொன்னால், அம்மாவுக்கு எப்போ ஓய்வு கிடைக்கும் என்பதுதான் எனக்கு ஞாபகம் வரும்.

நம்ம பக்கம் இந்த மாதிரி சின்னக் குடும்பங்கள் நிறைய. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. அப்புறம் ஒரகடம் சிப்காட் வந்தது. வேலைக்காக வெளி மாவட்டங்களிலிருந்து வந்த பலர் தாத்தா பாட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்.

இதைச் சொன்னதும் சமூக அறிவியல் டீச்சர் ஒரு விஷயம் சொன்னாங்க. 1930களில் அமெரிக்காவில் நிறைய பேருக்கு வேலை போச்சாம். அப்போது ஓக்லாந்து நகரத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி க்ளென் எல்டர் என்பவர் 1974ல் ஒரு புத்தகம் எழுதினார். வருமானம் குறைந்த வீடுகளில் பையன்கள் சின்னச் சின்ன வேலைக்குப் போனார்கள், பெண்கள் வீட்டு வேலையைச் சுமந்தார்கள். அட, என்னை மாதிரியே என்று நினைத்தேன்.

புதுமைப் பெண் திட்டம் பற்றியும் டீச்சர்தான் சொன்னாங்க. 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் காலேஜ் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய் அவர்கள் பெயரிலேயே வங்கிக்கு வரும். அம்மாவிடம் சொன்னேன். அம்மா பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "நீ காலேஜ் போயிட்டா தம்பிய யாரு பாக்கறது?" என்றுதான் கேட்டாங்க.

நான் கணக்குப் போட்டேன். நான் காலேஜ் சேரும்போது அவன் எட்டாவது வந்திருப்பான். இப்பவே அவனுக்கு ரசம் வைக்கச் சொல்லித் தருகிறேன். உப்புதான் தினமும் கூடிப்போகுது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி