வெயிலா, எம்.எஸ்.ஸா?

இன்னைக்கு எபிசோட் மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் பற்றி. சுருக்கமா எம்.எஸ். எனக்கு அது இருக்கிறது. கண்டுபிடித்து நாலு வருஷம் ஆகிறது, அப்போ எனக்கு வயசு 26. கண்டுபிடித்த கதையை நான் சொல்லப் போவதில்லை. எம்.ஆர்.ஐ., முதுகில் ஊசி, டாக்டர் ரூமில் அழுகை, எல்லாம் ஒரு மாசத்துல முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் வருகிற சாதாரண நாட்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதல்ல கொஞ்சம் பாடம். நம்ம நோய் எதிர்ப்பு சக்தி, வெளியிலிருந்து வரும் கிருமிகளோடுதான் சண்டை போட வேண்டும். எம்.எஸ்.ஸில் அது மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றில் நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மையலின் என்ற உறையைத் தாக்குகிறது. உறை போன இடத்தில் சிக்னல் மெதுவாகப் போகும், சில சமயம் போகவே போகாது. அது எந்த இடம் என்பதைப் பொறுத்து ஒருத்தருக்கு ஒரு கண் மங்கும், இன்னொருத்தருக்குக் கால் மரத்துப்போகும், இன்னொருத்தர் பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும். தமிழில் இதை 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. மூளையை விட்டுவிட்டதே!

பெரும்பாலும் 20 வயசிலிருந்து 40 வயசுக்குள் ஆரம்பிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தொற்றாது. சுமார் 85 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் வந்து வந்து போகிற வகை. ஒரு தாக்குதல் வரும், ஓரளவோ முழுசாவோ சரியாகும், அடுத்தது எப்போ என்று டாக்டருக்கும் தெரியாது. இந்த 'எப்போ'தான் என் வீட்டில் தினமும் குடியிருக்கிற விருந்தாளி.

அதோடு சென்னை வெயில் வேற.

1890-இல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு உடற்பயிற்சி செய்தால் பார்வை மங்குகிறது, ஓய்வெடுத்தால் திரும்பி வருகிறது. உண்மையான காரணம் உடம்பின் சூடு என்பது பிறகுதான் தெரிந்தது. உறை போன நரம்பு ஏற்கெனவே தட்டுத்தடுமாறி சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும். உடம்பின் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே அதுவும் நின்றுபோகலாம். எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில், சந்தேகம் இருந்தால் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து அறிகுறி வருகிறதா என்று பார்ப்பார்களாம். நினைச்சுப் பாருங்க.

எனக்கு அந்தப் பரிசோதனையை அக்னி நட்சத்திரம் இலவசமாகவே செய்கிறது. மே மாசம் மதியம் ஆட்டோவுக்காகப் பத்து நிமிஷம் நின்றால் வலது கால் பஞ்சு மாதிரி ஆகிவிடும், கடைப் பலகையில் எழுத்து கலங்கும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் அன்னைக்குப் பூரா கட்டில்தான். தீபாவளிக்கும் நான் பச்சைத் தண்ணீர்தான்.

வீட்டில் இதைப் புரியவைப்பது வேடிக்கையான வேலை. ஏன்னா 'சூடு' என்ற வார்த்தைக்கு நம்ம ஊரில் ஏற்கெனவே வேறு அர்த்தம் இருக்கு. மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி. "எனக்கு சூடு ஆகாதுமா" என்று நான் சொன்னதும் அம்மா மாம்பழத்தை ஒளித்து வைத்துவிட்டு வெந்தயம் ஊறப்போட்டார். நான் சொன்னது தெர்மாமீட்டரில் தெரியும் சூடு. ஆனாலும் ஃப்ரிட்ஜில் வைத்த மோர் விஷயத்தில் ரெண்டு பேரும் ஒத்துப்போகிறோம். குளிர்ந்ததைக் குடித்தால் உடம்பின் உள் வெப்பம் கொஞ்சம் இறங்கும், கால் திரும்பி வரும். இப்போ என் பையில் ஈரத்துண்டும் ஐஸ் தண்ணீர் ஃபிளாஸ்க்கும் எப்பவும் இருக்கும். மாம்பழமும் திரும்பக் கிடைச்சாச்சு.

வெயிலைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்குக் காரணம், எம்.எஸ்.ஸின் மனக்கஷ்டத்தில் பாதி இங்கேதான் இருக்கு. கால் மரத்தால் முதல் கேள்வி: இது வெயிலா, இல்லை அடுத்த தாக்குதலா? வெப்பத்தால் வருவது உடம்பு குளிர்ந்ததும் போய்விடும். நரம்புக்கு அதனால் புதிய சேதம் இல்லை. உண்மையான தாக்குதல் என்றால், காய்ச்சலோ கிருமித் தொற்றோ இல்லாமல், அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். அப்போ டாக்டரைக் கூப்பிட வேண்டும், பெரும்பாலும் சில நாட்கள் ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றுவார்கள். (பார்வை போனாலோ நடக்கவே முடியாவிட்டாலோ 24 மணி நேரம் எண்ணிக்கொண்டிருக்காதீங்க, உடனே போங்க.)

அந்த 24 மணி நேரம் காகிதத்தில் படிக்க சுலபம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கால் விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது வேற. முதல் வருஷம் நான் ஒவ்வொரு முறையும் கூகுள் பண்ணினேன். இப்போ ஒரு சின்ன நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு, ஏ.சி. போட்டு, ஏதாவது பழைய வடிவேலு காமெடி பார்ப்பேன். பயம் போகவில்லை. அது உட்கார ஒரு நாற்காலி போட்டுவிட்டேன், அவ்ளோதான்.

அடுத்து களைப்பு. எம்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் சொல்லும் அறிகுறி இதுதான். "எனக்கும்தான் டயர்டா இருக்கு" என்று நண்பர்கள் சொல்லும்போது தப்பா எடுத்துக்க மாட்டேன், ஆனா அது இது இல்லை. நல்லா தூங்கி எழுந்து, பல் தேய்த்து முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்துபோவது இது. அதனால் ஒரு நாளில் தலைக்குக் குளிப்பது, மெட்ரோவில் ஆபீஸ் போவது, சாயங்காலம் யாரையாவது பார்ப்பது, இந்த மூன்றில் ரெண்டுதான். எந்த ரெண்டு என்று முந்தின ராத்திரியே முடிவு செய்கிறேன்.

வெளியே எதுவும் தெரியாது. "நல்லாத்தானே இருக்க?" அன்பாகக் கேட்பவர்களும் உண்டு, சந்தேகமாகக் கேட்பவர்களும் உண்டு. பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகள் சீட்டில் உட்கார்ந்தால் பின்னாடி முணுமுணுப்பு கேட்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, அதில் எம்.எஸ்.ஸும் ஒன்று. ஆனால் பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற சான்றிதழ் தேவை. காலையில் 20, மதியம் வெயிலில் 60 என்று மாறுகிற உடம்புக்கு எந்த நேரத்தில் சதவீதம் போடுவது? இதற்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கு.

'ஏன் எனக்கு?' என்ற கேள்வியும் இருக்கு. வீட்டில் அது 'ராத்திரி முழிச்சு போன் பார்த்ததாலதான்' என்று வந்தது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கோடிக்கும் அதிகமான அமெரிக்க ராணுவத்தினரின் தகவல்களை வைத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. ஆனால் பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் அந்த வைரஸ் வந்து போயிருக்கும். அதில் மிகச் சிலருக்குத்தான் எம்.எஸ். நான் செய்த எதுவும் இதைக் கொண்டுவரவில்லை என்று அம்மாவிடம் சொன்னபோது, அம்மா என்னைவிட அதிகமாக அழுதார். அவர் இவ்வளவு நாளா தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அன்னைக்குத்தான் தெரிந்தது.

கல்யாணப் பேச்சு வந்தால்? "சொல்லாம இரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஒரு அத்தை. நான் சொல்லிவிடுகிறேன். ரெண்டு வரன்கள் அதோடு நின்றன. ஒரு வாரம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். எம்.எஸ். குழந்தை பெறும் திறனைக் குறைப்பதில்லை. கர்ப்ப காலத்தில், முக்கியமாகக் கடைசி மூன்று மாசங்களில், தாக்குதல்கள் குறைகின்றன. பிரசவத்துக்குப் பிறகு சில மாசம் கூடலாம். மாத்திரைகளை முன்கூட்டியே டாக்டரோடு பேசித் திட்டமிட வேண்டும். இந்தத் தகவல் அத்தைக்கும் தெரியும் இப்போ, நான்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்திருக்கு, பதில் வரலை.

உங்க ஃப்ரெண்டுக்கு எம்.எஸ். இருந்தா, "தைரியமா இரு" வேண்டாம். சந்திக்கும் இடத்தை ஏ.சி. உள்ளதா, மாடிப்படி இல்லாததா பாருங்க. கடைசி நிமிஷத்துல வரலைன்னு சொன்னா, "சரி, அடுத்த வாரம்"னு சொல்லுங்க. அடுத்த வாரமும் கூப்பிடுங்க.

சான்றிதழ் வாங்கும் நடைமுறையை அடுத்த எபிசோடில் விரிவாகப் பேசலாம். இப்போ மணி பன்னிரண்டே கால், நான் வெளியே போகக்கூடாத நேரம். மோர் குடிக்கப் போறேன்.