சமயமும் வாக்கும்: விருதுநகர் – சிவகாசி வட்டாரக் கிறித்தவர்களின் கட்சித் தேர்வு

முன்னுரை

தேர்தல் காலங்களில் ‘கிறித்தவர் வாக்கு’ என்னும் தொடர் நாளிதழ்களிலும் மேடைகளிலும் தடையின்றிப் புழங்குகிறது. ஒரு சமயத்தார் அனைவரும் ஒரே கட்சிக்கு வாக்களிப்பர் என்னும் எண்ணம் இத்தொடரில் பொதிந்துள்ளது. கன்னியாகுமரியைப் போலக் கிறித்தவர்கள் மிகுந்த மாவட்டத்தை விடுத்து, அவர்கள் சிறுதொகையினராக வாழும் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பது பயனுடையது. எந்தக் கூட்டணியை ஏற்க இயலாது என்னும் எல்லையைச் சமயம் வரைகிறது. அவ்வெல்லைக்குள் எக்கட்சி என்பதைச் சாதியும் ஊரும் சட்டமும் முடிவு செய்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இரு வழிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்திருநெல்வேலி நாடார்களிடையே கிறித்தவம் ஊர் ஊராகப் பரவியது. வடக்கே சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய வணிக ஊர்களின் நாடார்கள் பெரும்பாலும் இந்துக்களாகவே நிலைத்தனர். உறவின்முறையும், வணிகத்தின் மீது தாமே விதித்துக்கொண்ட மகமையும் அவர்தம் சமூக உயர்வுக்குக் கருவிகளாயின. விருதுநகரில் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை இம்மரபில் எழுந்தது. மிஷன் பள்ளியின் வழியே தெற்கு பெற்றதை வடக்கு மகமைப் பணத்தால் பெற்றது எனலாம்.

இவ்வட்டாரத்திற்கும் கிறித்தவம் வராமலில்லை. சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் கஜெதன் ராக்லண்ட் 1854இல் திருநெல்வேலியின் வடபகுதியில் ஊர் ஊராகச் சென்று போதிக்கும் பணியைத் தொடங்கி, 1858இல் சிவகாசியில் மறைந்தார். சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் அப்பணி விட்டுச்சென்ற தடம். எனினும் ஒரு தொகுதியின் முடிவைத் தாமே தீர்மானிக்கும் அளவுக்கு இங்குக் கிறித்தவர்கள் பெருகவில்லை. ஆகவே அவர்தம் வாக்கு எப்போதும் பிறருடைய வாக்கோடு சேர்ந்தே பொருள் பெறுகிறது.

காமராசரின் இரு தேர்தல்கள்

சமயத்தைச் சாதி கடந்து செல்லும் என்பதற்குக் காமராசர் வாழ்விலேயே சான்றுண்டு. 1967இல் தம் பிறந்த ஊரான விருதுநகரில் தி.மு.க. வேட்பாளர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் அவர் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் முன்னின்ற அத்தேர்தலில் சமயம் ஒரு பொருட்டாக இல்லை. கிறித்தவரான மார்ஷல் நேசமணி மறைந்ததால் 1969இல் நாகர்கோவில் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. கிறித்தவர்கள் மிகுந்த அத்தொகுதியில் விருதுநகர் இந்து நாடார் ஒருவர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். 1971இலும் வென்றார். சாதி உறவும், கல்விக்கு அவர் செய்த பணியும், காங்கிரசின் மீதிருந்த பழைய பற்றும் அங்கே ஒன்றுகூடின. எனவே, கிறித்தவர் கிறித்தவருக்கே வாக்களிப்பர் என்னும் கூற்றை நாகர்கோவிலே மறுத்துவிட்டது.

கூட்டணி என்னும் எல்லை

1998, 1999 ஆகிய இரு தேர்தல்களிலும் சிவகாசி மக்களவைத் தொகுதியில் ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ வென்றார். முதல் முறை அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் இருந்த அணியில் நின்றார், மறுமுறை தி.மு.க.வும் பா.ஜ.க.வும் இருந்த அணியில் நின்றார். இரு பெருங்கட்சிகளும் அடுத்தடுத்து பா.ஜ.க.வுடன் சேர்ந்த அவ்விரு தேர்தல்களில், சமய அச்சத்தால் ஒரு திராவிடக் கட்சியை நிலையாக ஏற்று மற்றொன்றை நிலையாக விலக்க வாக்காளருக்கு இடமில்லாமற் போயிற்று. கூட்டணிகள் மாறுந்தோறும் எல்லையும் இடம்பெயர்ந்தது.

அவ்வெல்லையைத் தெளிவாக்கியது 2002 அக்டோபரில் அ.தி.மு.க. அரசு பிறப்பித்த கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம். பின்னர்ச் சட்டமன்றத்தில் சட்டமான அது, மதமாற்றச் சடங்கை நடத்துவோர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டுமென விதித்தது. மீறுவோருக்குச் சிறைத்தண்டனையும் வகுத்தது. மதம் மாற்றப்படுவோர் பெண்களாகவோ பட்டியல் சாதியினராகவோ சிறுவராகவோ இருப்பின் தண்டனை கூடும். திருச்சபைகள் கடுமையாக எதிர்த்தன. 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. – பா.ஜ.க. அணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது. சிவகாசியில் தி.மு.க. அணியிலிருந்த ம.தி.மு.க. மீண்டும் வென்றது. முடிவுகள் வெளிவந்த அதே மே மாதத்தில் அச்சட்டம் கைவிடப்பட்டது.

இதனைக் கிறித்தவ வாக்கின் வெற்றியாக மட்டும் எழுதுவது மிகை. 2003இல் அரசு ஊழியர்களைக் கூட்டமாகப் பணிநீக்கம் செய்ததும், உழவர்க்கான இலவச மின்சாரம் நிறுத்தப்பட்டதும் அத்தோல்விக்குக் காரணங்களாயின. ஆயினும் முதலில் திரும்பப் பெறப்பட்டவற்றுள் மதமாற்றத் தடைச் சட்டமும் இருந்தது, ஆட்சியாளர் அதன் விலையை எவ்வாறு கணித்தனர் என்பதைக் காட்டும்.

அண்மைத் தேர்தல்களையும் இவ்வாறே எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். விருதுநகர் மக்களவைத் தொகுதியில் 2019இல் பா.ஜ.க.வையும் உள்ளடக்கிய அ.தி.மு.க. அணியின் தே.மு.தி.க. வேட்பாளரைக் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். 2024இல் அ.தி.மு.க. பா.ஜ.க.விடமிருந்து விலகி நின்றது, அவ்வணியின் தே.மு.தி.க. வேட்பாளர் விஜய பிரபாகரன் 4,379 வாக்குகளில்தான் தோற்றார். பா.ஜ.க. சார்பில் ராதிகா சரத்குமார் போட்டியிட்டு மூன்றாமிடம் பெற்றார். எல்லை அகன்றதால் சிறுபான்மையினர் சிலர் அ.தி.மு.க. அணிக்குத் திரும்பினர் எனக் கருத இடமுண்டு. விஜயகாந்தின் மறைவை ஒட்டிய பரிவும் இதில் கலந்துள்ளது. 4,379 என்னும் இடைவெளியில் எந்தச் சிறு பிரிவும் ‘வெற்றியைத் தீர்மானித்தது தாமே’ எனச் சொல்லிக்கொள்ளலாம்.

பட்டாசுத் தொழில்

தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசை உருட்டும் கைகளில் கிறித்தவக் கைகளும் உண்டு. பேரியம் உப்புகளைத் தடைசெய்து பசுமைப் பட்டாசை மட்டும் அனுமதித்த உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர்த் தீர்ப்பு எச்சமயத் தொழிலாளியையும் ஒன்றுபோலவே தாக்கிற்று. ஆனால் பட்டாசுத் தொழிலைக் காப்போம் என இவ்வட்டாரத்தில் எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் கூறுகின்றன. எல்லோரும் ஒன்றையே கூறுமிடத்துத் தொழில், கட்சிகளை வேறுபடுத்தும் அளவுகோலாவதில்லை.

சான்றிதழும் கணக்கும்

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. கிறித்தவராகப் பதிவு செய்துகொண்ட ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளார். 2008 மறுவரையறைக்குப் பின் தனித்தொகுதியான திருவில்லிபுத்தூரில் அவர் வாக்களிக்கலாம், போட்டியிட இயலாது. நாடாருக்கு இந்நெருக்கடி இல்லை. இந்துவாயினும் கிறித்தவராயினும் அவர் பிற்படுத்தப்பட்டோரே. ஒரே ஆலயத்தில் அமரும் இருவருக்குச் சமயமாற்றத்தின் விலை வெவ்வேறு என்பதால், அவர்தம் அரசியல் கோரிக்கையும் வெவ்வேறாகிறது.

2007இல் தமிழ்நாடு அரசு கிறித்தவர்களுக்கென 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தது. அதனால் இழப்பே மிகுதி எனக் கண்ட கிறித்தவர்கள் தாமே வேண்டிக்கொள்ள, 2008இல் அது விலக்கப்பட்டது. சமயத்தால் எண்ணப்படுவதைவிடச் சாதியால் எண்ணப்படுவது நன்மை தருமென அவர்கள் கருதினர் என்பதே இதன் பொருள். மறுபுறம், மதம் மாறிய பட்டியல் சாதியினர்க்கும் அத்தகுதியை வழங்கக் கோரும் தீர்மானத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றியபோது பா.ஜ.க. வெளிநடப்புச் செய்தது. தலித் கிறித்தவரின் கட்சித் தேர்வில் விவிலியத்தைக் காட்டிலும் இத்தீர்மானம் அதிகம் பேசும்.

இதனால் ஆய்வாளர்க்கு ஓர் இடர் எழுகிறது. ஞாயிறுதோறும் ஆலயம் செல்லும் ஒருவர், மகனின் கல்விக்காகவும் வேலைக்காகவும் சான்றிதழில் ‘இந்து’வாகவே நீடிக்கலாம். இட ஒதுக்கீட்டிற்காக மட்டும் அவ்வாறு இந்து என உரிமை கோருவதை 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சார்ந்த வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் மறுத்தது. இத்தீர்ப்புக்குப் பின் கணக்கெடுப்பாளரிடம் உண்மை கூறும் துணிவு மேலும் குறையும். வாக்குச்சாவடி வாரியாக வாக்குகளைத் தரும் தேர்தல் ஆணையத்தின் படிவம் 20ஐக் கொண்டு, சாட்சியாபுரம் போன்ற மிஷன் குடியிருப்புகளின் வாக்குப்போக்கை ஆராய இயலும். நாடார் கிறித்தவர் செறிந்த சாவடிகளை அது காட்டும். சேரியில் கலந்து வாழ்ந்து, சான்றிதழில் இந்துவாக இருக்கும் கிறித்தவரின் வாக்கு அக்கணக்கில் இந்துவின் வாக்காகவே பதிவாகும்.