ஆட்டம் கூடைப்பந்து... கல்லா ஃபுட்பால்! - டி.வி பணத்தால் உடைந்த 'பிக் ஈஸ்ட்' மீண்ட கதை

2009 மார்ச் 12, இரவு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சிரக்யூஸ், கனெக்டிகட் பல்கலைக்கழக அணிகள் மோதிய கூடைப்பந்து கால் இறுதி. 40 நிமிடங்களில் முடிய வேண்டிய ஆட்டம் 71-71 என சமநிலையில் நின்றது. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என நீண்டு, ஆறாவதில்தான் முடிவு தெரிந்தது. சிரக்யூஸ் 127, கனெக்டிகட் 117. அப்போது மணி நள்ளிரவைத் தாண்டி 1.22. சிரக்யூஸின் ஜானி ஃப்ளின் மொத்தம் 70 நிமிடங்களில் 67 நிமிடங்கள் களத்தில் ஓடியிருந்தார். அரங்கத்தில் இருந்த பலரும் அதுவரை எழுந்து போகவில்லை.

நான்கே ஆண்டுகளில் அந்த இரண்டு அணிகளும் ஒரே லீக்கில் இல்லை. இரண்டுக்கும் இடையே தகராறு எதுவும் கிடையாது. பிரித்தது டி.வி பணம். அதுவும், கூடைப்பந்து சம்பாதித்த பணம்கூட அல்ல!

டி.வி-யோடு சேர்ந்து பிறந்த லீக்

அமெரிக்காவில் கல்லூரி அணிகள் தங்களுக்குள் கூட்டணி அமைத்துக்கொண்டு ஆடுகின்றன. அந்தக் கூட்டணிக்குப் பெயர்தான் 'கான்ஃபரன்ஸ்'. அட்டவணை போடுவது, டி.வி ஒப்பந்தம் பேசுவது, வந்த பணத்தைப் பிரித்துக்கொடுப்பது எல்லாம் அதன் வேலை. பக்கத்துப் பக்கத்து ஊர் கல்லூரிகள் சேர்ந்து ஆடுவது என்பதுதான் பழைய வழக்கம்.

பிராவிடன்ஸ் கல்லூரியின் பயிற்சியாளராக இருந்த டேவ் கேவிட் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தார். நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் என டி.வி பார்வையாளர்கள் குவிந்திருக்கும் கிழக்குக் கடற்கரை நகரங்களை எண்ணி, 1979-ல் ஏழு கல்லூரிகளைச் சேர்த்து 'பிக் ஈஸ்ட்' கான்ஃபரன்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில், அதே கிழக்குப் பக்கத்தில் இன்னொரு புதிய கடை திறந்தது. அதன் பெயர் ஈ.எஸ்.பி.என்! நாள் முழுக்க ஒளிபரப்ப அவர்களுக்கு விளையாட்டு வேண்டும், இவர்களுக்கு டி.வி வேண்டும். பொருத்தம் அமைந்துவிட்டது.

பலன் சீக்கிரமே கிடைத்தது. 1985-ல் தேசிய சாம்பியன்ஷிப்பின் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட்டைச் சேர்ந்தவை. இறுதிப் போட்டியில் வில்லனோவா, ஜார்ஜ்டவுனை 66-64 என வீழ்த்தியது.

பணம் எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் கதையில் ஃபுட்பால் நுழைகிறது. நாம் பார்க்கும் கால்பந்து அல்ல. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு மோதிக்கொள்ளும் அமெரிக்கன் ஃபுட்பால்.

1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கல்லூரி ஃபுட்பாலின் டி.வி உரிமையை, கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ தன் கையிலேயே வைத்திருக்க முடியாது என்பது அதன் சாரம். அன்றிலிருந்து ஃபுட்பால் ஒளிபரப்பை கல்லூரிகளும் கான்ஃபரன்ஸ்களும் நேரடியாக விற்கத் தொடங்கின. கூடைப்பந்தின் பெரிய திருவிழாவான 'மார்ச் மேட்னஸ்' மட்டும் என்.சி.ஏ.ஏ வசமே நின்றது. அதற்கும் பணம் குறைவில்லை. சி.பி.எஸ், டர்னர் நிறுவனங்கள் 2010-ல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. ஆனால் அது பல பங்குகளாகப் பிரிந்துதான் கல்லூரிகளுக்கு வந்து சேரும். ஃபுட்பால் பணமோ கான்ஃபரன்ஸ் கல்லாவுக்கு நேராக வரும். எந்தக் கல்லூரி எந்தக் கூட்டணியில் சேருவது என்பதை ஃபுட்பால் முடிவு செய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பிக் ஈஸ்ட்டும் 1991-ல் ஃபுட்பாலுக்குள் இறங்கியது. 2011-ல் ஈ.எஸ்.பி.என் முன்வைத்த 100 கோடி டாலருக்கும் மேலான ஒப்பந்தத்தை, இன்னும் அதிகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மறுத்தது. சில மாதங்களில், செப்டம்பரில், சிரக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் ஏ.சி.சி கான்ஃபரன்ஸுக்குக் கிளம்புவதாக அறிவித்தன. ஆசை பெருநஷ்டம் என்பது இதுதானோ!

2012 டிசம்பரில், பெரிய ஃபுட்பால் அணிகள் இல்லாத ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் தனிக்குடித்தனம் போக முடிவெடுத்தன. போகும்போது பிக் ஈஸ்ட் என்ற பெயரையும், மேடிசன் ஸ்கொயர் கார்டன் தொடரையும் கையோடு எடுத்துக்கொண்டார்கள். பட்லர், சேவியர், கிரைட்டன் சேர்ந்ததும் பத்து அணிகள். ஃபாக்ஸ் நிறுவனம் 12 ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் தர முன்வந்தது.

139 ஆட்டம், 139 வெற்றி... ஆனாலும் நஷ்டம்

நடுவில் மாட்டிக்கொண்டது கனெக்டிகட். ஏ.சி.சி-க்குப் போகக் காத்திருந்தது. அந்த இடம் லூயிவில்லுக்குப் போனது. ஃபுட்பால் அணி இருந்ததால் கத்தோலிக்கக் கல்லூரிகளோடும் சேர முடியவில்லை. மிச்சமிருந்த அணிகளோடு 'அமெரிக்கன் அத்லெட்டிக்' என்ற கான்ஃபரன்ஸில் நின்றது. ஹூஸ்டன், டல்சா, நியூ ஆர்லியன்ஸ் என, ரசிகர்களுக்கு எந்தப் பழைய பகையும் இல்லாத ஊர்களுக்கு அணிகள் பறந்தன.

அங்கே இருந்த ஏழு சீசன்களில் கனெக்டிகட் பெண்கள் அணி கான்ஃபரன்ஸ் எதிரணிகளோடு ஆடிய 139 ஆட்டங்களிலும் வென்றது. ஒன்றில்கூடத் தோற்கவில்லை! கேட்கப் பெருமையாக இருக்கும். முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? ஆண்கள் அணி 2014-ல் தேசிய சாம்பியன் ஆனாலும், 2017 முதல் 2019 வரை மார்ச் மேட்னஸுக்குத் தகுதி பெறவே இல்லை. 2018 நிதியாண்டில் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறை 4 கோடி டாலரைத் தாண்டியது.

கடைசியில், வெளியேறும் கட்டணமாக 1.7 கோடி டாலர் கொடுத்துவிட்டு, 2020 ஜூலையில் கனெக்டிகட் பழைய வீட்டுக்கே திரும்பியது. ஃபுட்பால் அணி எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனியாக நின்றது. பல நிர்வாகிகள் இதைப் பின்வாங்கலாகவே பார்த்திருப்பார்கள். ஆனால் ஆண்கள் அணி 2023, 2024 என அடுத்தடுத்து தேசிய சாம்பியன். பெண்கள் அணி 2025-ல் சவுத் கரோலினாவை 82-59 என வென்று கோப்பையை எடுத்தது.

இதே காலத்தில் மேற்குக் கரையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1915-ல் வேர்விட்ட பேக்-12 கான்ஃபரன்ஸிலிருந்து 2024-ல் பத்து அணிகள் வெளியேறின. லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ இப்போது 'பிக் டென்' அணி. கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு சுமார் 4,000 கி.மீ தள்ளி நியூஜெர்ஸி வரை பறக்கிறது. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, 'அட்லான்டிக் கோஸ்ட்' என்ற பெயர்கொண்ட ஏ.சி.சி-யில்! டல்லாஸின் எஸ்.எம்.யூ அங்கே இடம் பிடிப்பதற்காக ஒன்பது ஆண்டுகள் டி.வி பங்கே வேண்டாம் என்று கையெழுத்திட்டது. ஃபுட்பால் சீசனில் வாரம் ஒரு ஆட்டம்தான். கூடைப்பந்து அணிகள் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு ஆட வேண்டும். விமானத்தில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது அந்த மாணவர்கள்தான்.

பிக் டென் 2022-ல் போட்ட ஏழு ஆண்டு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேல். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பிக் ஈஸ்ட் 2013-ல் வாங்கியதைப்போல சுமார் 24 மடங்கு. 2025-26 முதல், கல்லூரிகள் தங்கள் வருமானத்திலிருந்து (முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை) வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம் என்ற புதிய விதியும் வந்துவிட்டது. பிக் ஈஸ்ட் கல்லூரிகள் பலவற்றுக்கு ஃபுட்பால் செலவு இல்லை. இருக்கும் பணத்தைக் கூடைப்பந்தில் கொட்டலாம். ஃபாக்ஸ், என்.பி.சி, டி.என்.டி ஆகிய மூன்றோடு ஆறு ஆண்டு ஒப்பந்தமும் 2025-ல் தொடங்கியிருக்கிறது.

கனெக்டிகட்? அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளை வாங்கி வைத்த அதே 2024-ல், ஃபுட்பால் உட்பட எல்லா அணிகளோடும் 'பிக் 12' கான்ஃபரன்ஸுக்கு மாறுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் அந்தப் பேச்சை நிறுத்திவைத்தது பிக் 12 தரப்புதான்.