ஒரு நாள் ஓடுது... ஒரு நாள் ஓடலை! அடம்பிடிக்கும் கம்ப்யூட்டருக்கு வீட்டு வைத்தியம்

அடியோடு நின்றுபோன கம்ப்யூட்டரைக்கூடச் சரிசெய்துவிடலாம். நான்கு முறை பட்டனை அழுத்திய பிறகு ஐந்தாவது முறை, 'சரி, போனால் போகிறது' என்று உயிர்பெறும் கம்ப்யூட்டர்தான் பெரிய தலைவலி. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே முதல் அழுத்தலிலேயே ஜம்மென்று ஓடும். ''ஒண்ணும் இல்லையே சார்'' என்பார் கடைக்காரர். மறுநாள் காலை வீட்டில் பழைய கதைதான். இப்படி இரண்டு முறை அலைந்தால், ''மதர்போர்டு போயிருக்கும், மாத்திடலாம்'' என்ற பேச்சு வரும். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் அந்த முடிவுக்கு வருவதற்கு முன், நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதல் வேலை, ரிப்பேர் அல்ல. அடுத்த முறை ஆன் ஆனதும் கல்யாண போட்டோக்கள், பிள்ளைகளின் புராஜெக்ட், கடைக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். பழுதான பாகத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். பத்து வருட போட்டோக்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உள்ளிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் ஹார்டு டிஸ்க்கே கோளாறாக இருக்கலாம். அப்போது இன்னும் அவசரம்.

அடுத்து, ஒரு பேப்பரை எடுத்துக் குறித்து வையுங்கள். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றவே இல்லையா? ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாக இருக்கிறதா? விண்டோஸ் லோகோ வரை வந்து நிற்கிறதா? மூன்றும் வேறு வேறு நோய்கள். திரை கறுப்பாக இருந்தால், ஒரு நிமிடம் பொறுத்து கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. மானிட்டரையோ அதன் கேபிளையோ பாருங்கள்.

ஃபேனே சுற்றாவிட்டால், பவர் கேபிளையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் முதலில் சந்தேகப்படுங்கள். லூஸான பிளக் செய்கிற அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. வேறு கேபிளில், நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். ஆன் ஆன நான்கைந்து நொடிகளிலேயே அணைகிறதா? முன்பக்கப் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். பட்டனைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் அல்லவா, அதேதான் அங்கே நடக்கிறது.

இவையெல்லாம் சரி என்றால், சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மீது திரும்ப வேண்டும். வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி அது. அழுத்தங்கள் நிலைக்கு வந்ததும் 'எல்லாம் சரி, கிளம்பு' என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். அது வராமல் கம்ப்யூட்டர் கிளம்பாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் திரவம் இருக்கிறது. வருடக்கணக்கான சூட்டில் அது மெல்ல உலரும். வலுவிழந்த கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடேறினால் சற்றுத் தேறும். காலையில் மக்கர், மதியம் சமர்த்து என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கடையில் முதல் அழுத்தலிலேயே ஓடியதற்கும் இது காரணமாக இருக்கலாம். காலையில் நீங்கள் போராடியதில் அது சூடாகியிருக்கும்!

இதை உறுதிசெய்ய ஒரே நல்ல வழி, நன்றாக ஓடும் இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான். ஆனால், அந்தப் பெட்டியை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். விளையாட்டல்ல.

ஃபேன் சுற்றியும் திரையில் ஒன்றும் வராத கேஸில் ரேமைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் உலோகத்தை ஒரு முறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் துடைத்துவிட்டு, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். புதிய டி.டி.ஆர்.5 ரகம் என்றால், கழற்றி மாட்டிய பின் முதல் முறை சில நிமிடங்கள்கூடத் திரை கறுப்பாக இருக்கும், பதறி அணைத்துவிடாதீர்கள்.

தேதியும் நேரமும் அடிக்கடி பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். காசு அதிகம் ஆகாது. ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் தகராறு, ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒழுங்கு என்றால், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியை நிறுத்திப் பாருங்கள். அது இருக்கும்போது ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேம், கேபிள், பேட்டரி என ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் குணமாகும்; எதனால் குணமானது என்பது தெரியாது, அடுத்த மாதம் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு முறை ஓடியதை வைத்து முடிவுகட்டவும் வேண்டாம். இரவு முழுக்க அணைத்து வைத்து, தொடர்ந்து நான்கைந்து காலை ஒரே அழுத்தலில் கிளம்புகிறதா என்று பாருங்கள்.

அப்படியும் அடம்பிடித்தால் கடைக்குத்தான் போக வேண்டும். குறித்து வைத்த பேப்பரோடு போங்கள், கம்ப்யூட்டரை ஓர் இரவு அங்கேயே விட்டுவிட்டு, காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக ஆன் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.